மஞ்சள் மறைந்தால் போதுமா?

மஞ்சள் மறைகிறது, கோடு நேராக வருகிறது, கட்டுரை அச்சாகிறது, பட்டம் கிடைக்கிறது. வாளையாற்றுக்கு இப்புறமும் அப்புறமும், போடிமெட்டுக்கு மேலும் கீழும் இயங்கும் வேதியியல் துறைகளில் உலோக நானோத் துகள்களைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றின் கதைச் சுருக்கம் இதுதான். எந்த ஒரு கல்லூரியையும் விரல் நீட்டிச் சொல்வதில்லை இது. கெய்ரோவிலும் கான்பூரிலும் இதே கதைதான் நடக்கிறது. ஆனால் பாலக்காடு, இடுக்கி எல்லையில் இதன் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வரலாம்.

செய்முறை எளிது. மலையில் கிடைக்கும் ஏதாவது ஓர் இலையைப் பறித்து, கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலோ தங்கக் குளோரைடுக் கரைசலிலோ ஊற்றினால், இலையிலுள்ள பாலிஃபீனால்கள் உலோக அயனிகளை ஒடுக்கி நானோத் துகள்களாக்கும். வெள்ளியானால் பழுப்பு கலந்த மஞ்சள், தங்கமானால் ஒயின் சிவப்பு. இலை தேயிலையாக இருக்கலாம், மிளகுக் கொடியாக இருக்கலாம், ஏலச்செடியாக இருக்கலாம். இலை மாறினால் தலைப்பு மாறும். தலைப்பு மாறினால் கட்டுரை புதிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தாவர வகைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்தத் தொழில் இன்னும் பல தலைமுறைக்கு நடக்கும்.

துகள்கள் கிடைத்துவிட்டன. அவை வினையூக்கியாகச் செயல்படுகின்றன என்று காட்ட ஒரு சோதனை வினை வேண்டும். அதற்கென்றே 4-நைட்ரோஃபீனால் காத்திருக்கிறது. அதன் நீர்க் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்ததும் கரைசல் காரமாகி, நைட்ரோஃபீனோலேட்டு அயனி உருவாகி, அடர் மஞ்சளாகிறது. ஒளி உறிஞ்சல் 400 நானோமீட்டரில் உச்சம் காட்டுகிறது. உலோகம் இல்லையேல் அந்த மஞ்சள் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். நானோத் துகள் ஒரு சொட்டு விழுந்ததும் சில நிமிடங்களில் வெளுக்கத் தொடங்கும். 300 நானோமீட்டரில் 4-அமினோஃபீனால் தலைகாட்டும். போரோஹைட்ரைடு மிகையாக இருப்பதால் அதன் செறிவு மாறவில்லை என்று கொண்டு, உறிஞ்சலின் இயல் மடக்கையைக் காலத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு. சாய்வுதான் வேக மாறிலி. பாடநூல் இதைப் போலி முதல் வகை வினை என்கிறது. போலி என்பது இவ்விடத்தில் வசைச்சொல் ஆகாது. ஒரு நிபந்தனையோடு மட்டுமே உண்மை என்று பொருள். நிபந்தனையை எழுதாமல் விட்டால்தான் அது வசைச்சொல்லாகிறது.

இந்த வினையை இழிவாகப் பேசுவோர் ஒன்றை மறக்கிறார்கள். இது இந்தியாவில் வளர்ந்த பிள்ளை. கரக்பூர் ஐஐடியில் தாராசங்கர் பாலும் அவருடைய குழுவினரும் 2001, 2002 ஆண்டுகளில் செம்பு, வெள்ளி, தங்கம் ஆகிய நாணய உலோகங்களின் நானோத் துகள்கள் அரோமாட்டிக் நைட்ரோ சேர்மங்களை ஒடுக்குவதைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இதன் தொடக்கங்களுள் முக்கியமானவை. ஜப்பானில் குனியோ எசுமியின் குழு அதே காலத்தில் அதே வினையைக் கையாண்டது. பின்னர் ஜெர்மனியில் மத்தியாஸ் பல்லாஃபின் குழு அதைப் பொறுப்போடு ஆராய்ந்து, 2010இல் அதன் இயக்கவியலை முழுமையாக எழுதியது: இரு வினைபொருள்களும் உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன, இரண்டும் பரப்பில் அமர்ந்த பின்னரே வினை நடக்கிறது. ஆகவே சாய்விலிருந்து கிடைக்கும் மாறிலி உண்மையில் மாறிலியே இல்லை. நைட்ரோஃபீனாலின் செறிவைக் கூட்டினால் அது குறையும். வேறு வேறு செறிவில் எடுத்த இரு எண்களை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து, "எமது வினையூக்கி மூன்று மடங்கு சிறந்தது" என்று எழுதுவது, மேட்டில் நின்றவனையும் பள்ளத்தில் நின்றவனையும் அருகருகே நிறுத்தி உயரம் அளப்பதாகும். 2010க்குப் பின்னும் அந்த அட்டவணை ஆய்வேடு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

சோதனை வினை எதற்காகப் பிறந்தது என்பதை நினைவூட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது. 1925இல் பிரின்ஸ்டனில் இருந்த ஹியூ டெய்லர், உலோகப் பரப்பு முழுவதும் வினை நடப்பதில்லை, அதில் சில இடங்களே செயல்மையங்கள் என்று வாதிட்டார். பரப்பின் சிறு பகுதியை மட்டுமே மூடக்கூடிய அளவு நச்சு வினையின் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறதே, அது எப்படி? அந்த மையங்களைக் கண்ணால் பார்க்கும் கருவி அன்று இல்லை. அவற்றை விசாரிக்க ஒரே வழி, ஒரு வினையை நடத்தி அதன் வேகத்தைப் படிப்பது. உலோகத்திடம் கேட்கப்படும் கேள்வியாகவே சோதனை வினை பிறந்தது, நற்சான்றிதழாகப் பிறக்கவில்லை.

கேள்வி நல்லதாக இருந்தால் எவ்வளவு விடை கிடைக்கும் என்பதற்கு 1972இல் ஜான் சின்ஃபெல்ட்டும் தோழர்களும் நிக்கல்–செம்புக் கலவையில் செய்த ஆய்வு சான்று. நிக்கலில் 5 சதவீதம் அளவுக்குச் செம்பைக் கலந்ததும் ஈத்தேனின் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்கும் வேகம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சரிந்தது. அதே கலவையில் சைக்ளோஹெக்சேனிலிருந்து ஹைட்ரஜனை நீக்கும் வினையோ பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரே பரப்பு, இரண்டு வினைகள், இரண்டு விடைகள். பெரிய பாறையைப் புரட்ட நான்கு பேர் தோளோடு தோள் நிற்க வேண்டும். களை பறிக்க ஒருவர் போதும். நடுநடுவே வேறு ஆட்களை நிறுத்திவைத்தால் பாறை அசையாது, களை பறிப்பது நடந்துகொண்டிருக்கும். பிணைப்பை உடைக்கப் பல நிக்கல் அணுக்கள் அருகருகே வேண்டும் என்பதை நுண்ணோக்கி சொல்லவில்லை. இரண்டு சோதனை வினைகளின் ஒப்பீடு சொன்னது. மிஷேல் புடார் வினைகளை இப்படிப் பரப்பின் அமைப்பைப் பொருட்படுத்துபவை, பொருட்படுத்தாதவை என்று பிரித்ததன் பயனும் இதுவே. அமைப்பைப் பொருட்படுத்தாத வினையைக் கொண்டு மையங்களின் எண்ணிக்கையை ஒப்பிடலாம். பொருட்படுத்தும் வினையைக் கொண்டு அவற்றின் தன்மையை விசாரிக்கலாம்.

இவையெல்லாம் அமெரிக்க ஆய்வகக் கதைகள் என்று ஒதுக்க வேண்டாம். பாலக்காட்டு நெல்வயலில் விழும் ஃபாக்டம்பாஸ் மூட்டைக்குள் இருப்பதும் இதே வேதியியல். அமோனியா உருவாகும் வினையை இரும்பின் ஒற்றைப் படிகங்களில் 1982இல் சோமோர்ஜாயின் குழு அளந்தபோது, அணுக்கள் மூன்று விதமாக அடுக்கப்பட்ட மூன்று முகங்களின் வேகங்கள் 418, 25, 1 என்ற விகிதத்தில் வந்தன. உலோகம் ஒன்றுதான். முகம் மாறினால் நானூறு மடங்கு வேறுபாடு. இதை அறிந்த ஒருவர், "வெள்ளி நானோத் துகள் சிறந்த வினையூக்கி" என்ற வாக்கியத்தை எப்படி எழுதுவார்? எந்த முகம், எத்தனை மையம், எந்த வெப்பநிலை என்ற மூன்றும் இல்லாத அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

இனி இலைச்சாற்று ஆய்வின் மையத்தில் உட்கார்ந்திருக்கும் நகைமுரணுக்கு வரலாம். முன்னுரையில் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும்: வழக்கமான முறையில் வெள்ளித் துகள் செய்யச் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற வன்மையான வேதிப்பொருள்கள் தேவைப்படுகின்றன; அவை சுற்றுச்சூழலுக்குக் கேடு; ஆகவே இலைச்சாறு; ஆகவே பசுமை. இருபது பக்கம் கழித்து, அந்தப் பசுமைத் துகளைச் சோதிக்க நைட்ரோஃபீனாலைப் போல நூறு மடங்கோ அதற்கு மேலோ போரோஹைட்ரைடு கொட்டப்படுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசையறைக்குள் வேறொரு செருப்பைப் போட்டுக்கொள்ளும் பக்தி இது.

நகைப்போடு போய்விடும் விஷயமாகவும் இது இல்லை. இலைச்சாறு எல்லா வெள்ளி அயனிகளையும் ஒடுக்கிவிடும் என்பதற்கு உறுதி ஏது? ஒடுங்காமல் மிஞ்சிய அயனிகள் கலவையில் இருந்தால், சோதனைக் குவளைக்குள் போரோஹைட்ரைடு விழுந்த நொடியிலேயே அவை புதிய துகள்களாகிவிடும். அந்தப் புதிய துகள்களின் மேல் பாலிஃபீனால் போர்வை இல்லை, அவை சிறியவை, அவையே மஞ்சளை அழிக்கக்கூடும். அப்படியானால் நுண்ணோக்கியில் படம்பிடிக்கப்பட்டது ஒன்று, வினையை நடத்தியது இன்னொன்று. வேலை செய்தவன் பெயர் ஏட்டில் இல்லை. ஏட்டில் பெயர் உள்ளவன் வேலை செய்யவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். துகள்களை மையவிலக்குப் பொறியில் சுழற்றி அடியில் தங்கவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, துகள் இல்லாமல் அதே சோதனையைச் செய்ய வேண்டும். மஞ்சள் அப்போதும் மறைந்தால் முழு அத்தியாயத்தையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் ஏன் இத்தனை அரிதாகவே செலவிடப்படுகிறது என்பதற்கு, விடை தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

எண்ணிக்கையின் நிலையும் இப்படித்தான். 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளில் ஏறத்தாழ 30,000 அணுக்கள் உண்டு. அவற்றில் மேற்பரப்பில் நிற்பவை சுமார் 4,000. மற்றவை உள்ளே புதைந்தவை. அவற்றுக்கு வினையோடு தொடர்பில்லை. வினையின் வேகத்தை மொத்தத் தங்கத்தால் வகுப்பவர் ஏழெட்டு மடங்கு தவறோடு தொடங்குகிறார். மேற்பரப்பு அணுக்களால் வகுப்பவரும் அவை எல்லாம் திறந்திருக்கின்றன என்று நம்புகிறார். இலைச்சாற்றின் புரதமும் பாலிஃபீனாலும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன? துகளைச் சுற்றிய அந்த உறையை "நிலைப்படுத்தும் கவசம்" என்று புகழ்ந்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் உறையே இல்லாததுபோல் கணக்குப் போடுகிறார்கள்.

உண்மையில் இதை எண்ணச் சோதனை வினையால் முடியும். தங்கத்தோடு இறுகப் பிணையும் தயால் ஒன்றைத் தெரிந்த அளவில், மிகச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளக்க வேண்டும். வேகம் படிப்படியாகச் சரியும். சரிவுக் கோட்டை நீட்டினால் எந்த அளவு நச்சில் வேகம் சுழியைத் தொடும் என்பது தெரியும். ஒரு நச்சு மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களை மூடலாம் என்பதால் கிடைக்கும் எண் மதிப்பீடே. ஆனால் படத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட நேர்மையான மதிப்பீடு. டெய்லர் காலத்து யுக்தி. நுண்பிப்பெட்டும் பொறுமையும் இருந்தால் போதும்.

இப்போது வெப்பநிலை. ஆய்வேடுகளில் "அறை வெப்பநிலையில்" என்ற தொடரைக் காணாத பக்கம் குறைவு. எந்த அறை? மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஜனவரி விடியலில் மூணாற்றுப் புல்வெளியில் உறைபனி படிகிறது. ஒரே எல்லைப் பகுதி, ஒரே பாடத்திட்டம், ஒரே தொடர். கிளர்வு ஆற்றலை மோலுக்கு 45 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டு அர்ரீனியஸ் சமன்பாட்டில் இட்டால், 10 டிகிரியில் உள்ள வேகத்தைப் போல 35 டிகிரியில் ஏறத்தாழ 4.7 மடங்கு வேகம் வரும். அதாவது மலையில் ஒரு குப்பியில் அடைத்த வினையூக்கி, பேருந்தில் ஏறிச் சித்தூர் வந்து இறங்கியதும் ஐந்து மடங்கு சிறந்ததாகிவிடும். இலையைக் கொண்டாடும் கட்டுரைகளில் எத்தனை, உண்மையில் வெயிலைக் கொண்டாடியிருக்கின்றன என்பதை எவரும் சொல்ல முடியாது. ஏனென்றால் வெப்பநிலையை எவரும் எழுதிவைக்கவில்லை.

கோட்டின் தொடக்கத்தில் நடக்கும் கத்தரிப்பையும் சொல்ல வேண்டும். துகளைச் சேர்த்தவுடன் வினை தொடங்குவதில்லை. சில நொடிகளோ நிமிடங்களோ தயங்குகிறது. அந்தத் தூண்டல் காலம் ஏன் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு நடக்கிறது. உலோகப் பரப்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பது பல்லாஃப் தரப்பு. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் முதலில் தீர வேண்டும் என்பது 2016இல் ஸ்வெட்லானா நெரெட்டினாவின் குழு முன்வைத்த தரப்பு. இரண்டாவது தரப்பைச் சோதிக்க நைட்ரஜன் வாயுவைக் குமிழியாக விட்டுப் பார்த்தால் போதும். உலகத் தரமான ஒரு விவாதத்தில் ஒரு மலையோரக் கல்லூரி தன் எண்ணை வைக்கக்கூடிய இடம் இது. அந்த இடத்தைத்தான் பல ஆய்வேடுகள் கத்தரித்து எறிகின்றன. கோடு நேராக வர அது இடைஞ்சலாம்.

மறுபயன்பாட்டு வரைபடம் இன்னொரு வேடிக்கை. ஐந்து சுற்றுகள், ஐந்திலும் 98 சதவீத மாற்றம், ஐந்து தூண்களும் ஒரே உயரம், "செயல்திறன் இழப்பு இல்லை." பத்து நிமிடத்தில் வேகும் அரிசியை ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்திருந்தால், அடுப்பின் அனல் பாதியானாலும் சோறு வெந்துதான் இருக்கும். வினை முடியும்வரை காத்திருந்து அளப்பவருக்கு வினையூக்கி செத்துக்கொண்டிருப்பது தெரியாது. பாதி வழியில், 20 சதவீதம் மாறிய நிலையில் வேகத்தை அளந்திருந்தால் ஐந்தாம் தூண் எந்த உயரத்தில் நின்றிருக்கும்?

ஆக்சைடு வினையூக்கிகளில் வேலை செய்வோர் இதைப் படித்துப் புன்னகைக்க வேண்டாம். சைக்ளோஹெக்சனாலைச் செலுத்தி, சைக்ளோஹெக்சீன் வந்தால் அமில மையம், சைக்ளோஹெக்சனோன் வந்தால் கார மையம் என்று பங்கு பிரிக்கும் வழக்கம் கேரளத்து ஆய்வகங்களுக்குப் பழக்கமானது. கவனத்தோடு செய்யப்பட்ட நல்ல ஆய்வுகளும் அதில் உண்டு. ஆனால் ஆக்சைடில் செம்பு இருந்து, அது ஒடுங்கி உலோகமாகியிருந்தால், ஹைட்ரஜனை நீக்கும் வேலையை அந்தச் செம்பே செய்துவிடும். அதைக் காரத்தன்மையின் கணக்கில் வரவு வைப்பது கணக்குப் பிழை.

இவ்வளவுக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஏழ்மை. எல்லையோரக் கல்லூரியில் புறஊதா–கட்புல ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று இருப்பதே பெரிது. வாயுப் பரப்புக் கவர்ச்சியை அளக்கும் கருவிக்கு எங்கே போவது. நுண்ணோக்கிப் படத்துக்கே கொச்சிக்கு மாதிரியை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். உண்மைதான். ஆனால் மேலே கேட்கப்பட்டவற்றைத் திரும்பப் படித்தால் தெரியும்: வெப்பமானி, நீர்த்தொட்டி, நிறுத்தக் கடிகாரம், தெளிந்த நீரில் ஒரு வெற்றுச் சோதனை, துகளின் அளவைப் பாதியாக்கி ஒரு சோதனை. பாதித் துகள் போட்டால் பாதி வேகம் வருகிறதா என்று பார்ப்பது, 1982இல் மேடனும் புடாரும் செம்மைப்படுத்திய சோதனையின் ஏழை உறவினர்; வேகத்தை மையங்கள் தீர்மானிக்கின்றனவா அல்லது மூலக்கூறுகள் விரவி வந்துசேரும் தாமதம் தீர்மானிக்கிறதா என்பதை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். இதில் எந்தக் கருவி இல்லாமல் வேலை நின்றது?

எதிர்ப்புறத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. பெரிய நிறுவனங்களில் அமர்ந்துகொண்டு, உயர்திறன் நுண்ணோக்கிப் படம் இல்லாத ஆய்வு ஆய்வே ஆகாது என்று கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும் கூட்டம். அவர்களிடமும் ஒரு கணக்கு: 10 நானோமீட்டர் தங்கத் துகள்கள் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ நூறு லட்சம் கோடி இருக்கும். படத்தில் எண்ணப்படுபவை இருநூறு. அந்த இருநூறு ஊருக்கே பிரதிநிதிகளா, அல்லது படத்துக்கு முகம் காட்டியவர்களா? வேலை செய்யும் நிலையில், கரைசலுக்குள், எல்லாத் துகள்களையும் ஒருசேர விசாரிப்பது சோதனை வினை மட்டுமே. ஏழைக் கல்லூரியிடம் உள்ள கருவி தாழ்ந்ததில்லை. தாழ்ந்த விதத்தில் அது பயன்படுத்தப்படுகிறது என்பதுதான் வழக்கு.

ஏன் அப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளைப் புரட்டினால் பாதி விடை கிடைக்கும். 2016 விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்றது. ஆசிரியரின் பதவி உயர்வுக்கும் கட்டுரைக் கணக்கு. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கியது. சட்டத்திலிருந்து போனது பழக்கத்திலிருந்து போகவில்லை. மூன்று மாதத்தில் முடியும், எப்போதும் வெற்றி பெறும், தோற்கவே தெரியாத ஒரு வினை கைவசம் இருக்கும்போது, தோற்கக்கூடிய கேள்வியை எந்த நெறியாளர் மாணவரிடம் கொடுப்பார்? வெள்ளி, தங்கம், பல்லேடியம் என எதைப் போட்டாலும் மஞ்சள் மறையும். எல்லாருக்கும் ஆம் என்று சொல்லும் சோதனை எதைச் சோதிக்கிறது?

விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி தொடக்கத்தில் நின்றது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக முதுகலை வேதியியலுக்கு வரும் பிள்ளைகளே அவர்கள். நகரத்து மாணவர் ஒருவர் பொருளற்ற கட்டுரை எழுதினால் வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்வார். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வேடு ஒன்றுதான் முதலீடு. வாய்மொழித் தேர்விலோ, பின்னர் வேலைக்கான நேர்காணலிலோ, "உங்கள் மாறிலியை ஒரு மையத்துக்கு என்று மாற்றிச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்கும்போது அவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். தலைகுனிய வேண்டியவர்கள் அந்த அறையில் வேறு நாற்காலிகளில் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று சொல்வது இன்னும் பெரிய அவமதிப்பு. கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன் வரிசையில் நின்ற தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். சாக்கின் எடை எவ்வளவு கழிக்கப்படுகிறது, இலையில் நின்ற மழைநீருக்கு எவ்வளவு கழிக்கப்படுகிறது, அந்தக் கழிவு நியாயமா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் போனசுக்காகவும் கூலிக்காகவும் அமர்ந்த பெண்கள் கேட்டதும் கணக்குத்தான். வெற்றுச் சோதனை என்பது சாக்கின் எடையைக் கழிப்பது. ஒரு மையத்துக்கு எவ்வளவு என்பது ஒரு தலைக்கு எத்தனை கிலோ என்பது. இதைத் தமிழில் ஐந்து நிமிடத்தில் விளக்கலாம். ஆங்கிலப் பாடநூலின் சொற்றொடரை மனப்பாடம் செய்யவைத்து, கருத்தை மறைத்துவைத்து, பிறகு "அடிப்படை போதவில்லை" என்று மாணவரையே குறை சொல்வது எளிதான வழி. அந்த வழியில்தான் துறைகள் நடக்கின்றன.

ஐரோப்பிய ஆய்வகங்கள் ஒரு காலத்தில் இதே குழப்பத்தில் இருந்தன. சிலிக்காவின் மேல் 6 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகப் பிளாட்டினம் ஏற்றிய ஒரே தொகுதி வினையூக்கியை யூரோப்ட்-1 என்று பெயரிட்டுப் பல ஆய்வகங்கள் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் அளந்து, எண்களை ஒப்பிட்டன. முடிவுகள் 1980களில் வெளிவந்தன. அதற்குப் பின் ஒருவர் "என் வினையூக்கி சிறந்தது" என்றால், "எதைவிட?" என்று கேட்க ஓர் அளவுகோல் இருந்தது.

எல்லைப் பகுதிக்கு அப்படி ஒன்றைச் செய்யப் பெருந்தொகை வேண்டாம். 2015 முதல் பாலக்காட்டில் ஓர் ஐஐடி இருக்கிறது. அங்கோ, கோவையில் ஏதேனும் ஓர் ஆய்வகத்திலோ ஒரே தொகுதியாகத் தங்கத் துகள் செய்து, அளந்து, குப்பிகளில் அடைத்து, கணவாயின் இருபுறமும் மலையின் மேலும் கீழும் உள்ள கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். இலைச்சாற்றுத் துகளைச் சோதிக்கும் ஒவ்வொருவரும் முதலில் அந்தக் குப்பியைச் சோதித்து, அந்த எண்ணைத் தம் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரே செறிவு, ஒரே போரோஹைட்ரைடு விகிதம், அன்றன்று கரைத்த போரோஹைட்ரைடு. பழைய கரைசல் நீரோடு வினைபுரிந்து வலுவிழந்துவிடும். தூண்டல் காலத்தைக் கத்தரிக்காமல் முழுக் கோடும் தர வேண்டும். வெப்பநிலை 25 டிகிரி. அதற்காக ஜனவரியில் மூணாற்றில் நீர்த்தொட்டியைச் சூடாக்க வேண்டியிருக்கும். ஏப்ரலில் சித்தூரில் அதற்குள் பனிக்கட்டி போட வேண்டியிருக்கும்.